மண்டப முகப்புக்கு வார்ப்புக் கல் பதிக்கலாமா?

கேள்வி: தம்பிக்கு வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குச் செயலாளர். 1980களில் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். முன்பக்கம் 60 அடி அகலம், 30 அடி உயரம். பெயிண்ட் உரிந்து, மழைக்கறை இறங்கிப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கூடமும் கட்டப் போகிறோம். முகப்பு முழுக்கக் கல் பதிக்க வேண்டும் என்பது குழுவின் ஆசை. கிரானைட் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு குத்தகையாளர், 'ரீகன்ஸ்டிரக்டட் ஸ்டோன் போடுங்கள், அசல் கல் மாதிரியே இருக்கும், இருக்கிற பூச்சின் மேலேயே ஒட்டி மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன்' என்கிறார். இன்னொருவர் பிரீகாஸ்ட், அதாவது தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டு வரும் கான்கிரீட் பேனல்தான் உறுதி என்கிறார். கூட்டத்தில் ஓர் உறுப்பினர், 'கோயில் மண்டபத்துக்குப் போலிக் கல்லா?' என்று எழுந்து நின்றுவிட்டார். ஊர் மக்கள் பத்தும் இருபதுமாகக் கொடுத்த பணம். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'பூச்சின் மேலேயே ஒட்டி' என்ற மூன்று சொற்கள்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், கூட்டத்தில் எழுந்து நின்றவருக்கு ஒரு பதில் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

உங்கள் கோயில் கோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் இருக்கும் துவாரபாலகர்களும் யாளிகளும் கல் இல்லை, சுதை. செங்கல்லும் காரையும் வைத்து ஸ்தபதிகள் கையால் பிடித்துச் செய்தவை. அவற்றை யாரும் போலிச் சிலை என்று சொல்வதில்லை. கருவறையில் மூலவருக்குக் கருங்கல் வேண்டும் என்பது ஆகமம் சார்ந்த விஷயம். அங்கே உங்கள் குத்தகையாளர் சொன்ன ரீகன்ஸ்டிரக்டட் ஸ்டோனைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன். மண்டபத்தின் வெளிச்சுவர் வேறு. அங்கே கல்லின் வேலை மழையைத் தாங்குவதும் பார்க்க நன்றாக இருப்பதும்தான்.

நம் ஊருக்கும் இது புதிது இல்லை. 1930களில் மலாயாவில் கட்டிய பல கடைவீடுகளின் முகப்பில் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக ஒரு பூச்சு இருக்குமே, அதை ஷாங்காய் பிளாஸ்டர் என்பார்கள். கல் பொடிச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பூசி, இறுகும் முன்பே மேல் சிமெண்டைக் கழுவிவிட்டால் சில்லுகள் வெளியே தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் செதுக்கிய கல். அதைப் பூசியவர்கள் கல்லின் தோற்றத்தைச் சிமெண்டில் கொண்டு வந்த கைவினைஞர்கள்.

ரீகன்ஸ்டிரக்டட் ஸ்டோன் என்பதை நான் வார்ப்புக் கல் என்றே எழுதுகிறேன். உடைத்த சுண்ணாம்புக் கல், பளிங்கு, கிரானைட் பொடி, இவற்றோடு வெள்ளை அல்லது சாம்பல் சிமெண்டு, நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு. நீங்கள் ஈப்போ போகும் வழியில் கந்தானில் சிமெண்டு ஆலை இருக்கிறதல்லவா, அங்கே சுண்ணாம்புக் குன்றுதான் சிமெண்டாகிறது. ஆக, கல்லைப் பொடியாக்கி மறுபடி கல்லாக்குகிறார்கள். செய்யும் வழி இரண்டு. ஒன்றில் கலவை புட்டு மாவுப் பதத்தில் இருக்கும்: பிடித்தால் பிடியும், உதிர்த்தால் உதிரும். அதை அச்சில் போட்டு இடித்து இறுக்குவார்கள். மணற்கல் போன்ற மேற்பரப்பு வரும். இன்னொன்றில் கலவை தோசை மாவு போல ஓடும். ரப்பர் அச்சில் ஊற்றி, அதிரவைத்துக் காற்றை வெளியேற்றுவார்கள். சுவரில் ஒட்டுகிற மெல்லிய கல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இரண்டுமே நல்ல பொருள்தான், கையில் எடுப்பவர் ஒழுங்காகச் செய்தால்.

சரி, ஒட்டுகிற விஷயத்துக்கு வருவோம்.

60 அடிக்கு 30 அடி என்றால் 1,800 சதுர அடி, மீட்டர் கணக்கில் சுமார் 167 சதுர மீட்டர். கதவு ஜன்னலைக் கழிக்காமல் சொல்கிறேன். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடர்த்தியான வார்ப்புக் கல் சதுர மீட்டருக்கு 60 கிலோ இருக்கும். மொத்தம் 10 டன். ஒட்டும் பசையின் எடை தனி. ஒரு லாரி நிறையச் செம்பனைக் குலையை உங்கள் முன்சுவரில் தொங்கவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 டன்னையும் எது பிடித்துக்கொள்கிறது? கல்லைப் பசை பிடிக்கிறது, பசையைப் பெயிண்ட் பிடிக்கிறது, பெயிண்டை நாற்பது வருடத்துப் பூச்சு பிடிக்கிறது, பூச்சைச் செங்கல் பிடிக்கிறது. இதில் எது பலவீனமோ அதுதான் உங்கள் முகப்பின் பலம். கல் எத்தனை நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் வேறோர் ஊரில் ஒரு கடைவரிசையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். இரவு மழைக்குப் பிறகு மாடி உயரத்திலிருந்து ஒரு கல் கழன்று ஐந்தடி நடைபாதையில் விழுந்திருந்தது. கடை மூடிய நேரம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாரம் கட்டி ஏறிப் போய்ப் பக்கத்துக் கல்லைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து இடத்தில், மெதுவடை அளவுக்குப் பசையை அப்பி ஒட்டியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் வெற்று. அந்த இடைவெளியில் தண்ணீர் இறங்கிய கோடு, கரையான் மண், ஒரு பல்லி முட்டை. பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது: கல்லை விடவில்லை. ஆனால் பசையின் சுவர்ப் பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் தோலோடு உரிந்து வந்திருந்தது, பச்சைக்கு அடியில் பழைய கிரீம் நிறம். அந்தச் சுவருக்கு முன்பு என்னென்ன நிறம் அடித்தார்கள் என்பது கல்லின் முதுகில் தெரிந்தது. பெயிண்டைச் சுரண்டாமல் ஒட்டியதுதான் காரணம். அந்தக் கல்லை நான் இன்னும் மேசை மேல் வைத்திருக்கிறேன். இந்த மாதிரிக் கேள்வியோடு வருபவர்களிடம் எடுத்துக் கொடுப்பேன்.

உங்கள் மண்டப வாசலை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரக்காரர்கள், ஆரத்தித் தட்டோடு பெண்கள், ஓடி விளையாடும் பிள்ளைகள், எல்லாரும் அந்த முன்சுவருக்கு அடியில்தான் நிற்பார்கள். இதனால்தான் அந்த மூன்று சொற்கள் எனக்குப் பயத்தைக் கொடுக்கின்றன.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். பழைய மண்டபத்தின் முகப்பில், தரையிலிருந்து பத்தடி உயரம் வரைக்கும் மட்டும் வார்ப்புக் கல்லை ஒட்டுவேன். அதற்கு மேலே ஒட்டுவதாக இல்லை. பத்தடி என்பது என் சொந்த வரம்பு. மேல்பகுதியில் பூச்சைச் சரிசெய்து நல்ல வெளிப்புறப் பெயிண்ட் அடித்தால் போதும். கீழே கல், மேலே வெள்ளைச் சுவர் என்பது பார்க்கவும் லட்சணமாக இருக்கும், கல்லுக்கான செலவும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இல்லை, மேல் வரைக்கும் கல் வேண்டும் என்று குழு முடிவு செய்தால், பசையை நம்பாமல் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சட்டம் அமைத்து, ஒவ்வொரு கல்லையும் கொக்கியில் மாட்டும் முறைக்குப் போக வேண்டும். அதற்குப் பொறியாளர் சுவரையும் உத்திரத்தையும் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாசல் தலைப்பிலும் வளைவிலும் வரும் கற்களுக்குப் பசையோடு எஃகு முளையும் கட்டாயம்.

ஒட்டும் முன் வேலை இப்படி நடக்க வேண்டும். முதலில் சுவர் முழுக்க ஒரு மரச் சுத்தியால் தட்டிப் பார்ப்பது. 'டக் டக்' என்று கெட்டிச் சத்தம் வந்தால் பூச்சு பிடித்திருக்கிறது. காலிப் பானையைத் தட்டுவது போல 'பொத்' என்றால் உள்ளே விட்டுப் போயிருக்கிறது. விட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்துவிட வேண்டும். பெயிண்ட் ஒரு பொட்டுக்கூட மிச்சம் இருக்கக் கூடாது. கல்லின் பின்பக்கத்தை விரலால் தேய்த்தால் வெள்ளையாகப் பொடி ஒட்டும், அது அச்சிலிருந்து வரும் சிமெண்டுப் பால் காய்ந்தது. கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகுதான் ஒட்டலாம். பசை மூட்டையின் மேல் சி2 எஸ்1 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். சி2 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் இழுவையாவது தாங்கும், எஸ்1 என்றால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பல் வைத்த கரணையால் சுவரிலும் தேய்த்து, கல்லின் பின்னாலும் தேய்த்து, முழுப் பரப்பும் ஒட்ட வேண்டும். முதல் நாள் ஒட்டிய கல்லில் ஒன்றை அங்கேயே கழற்றச் சொல்லிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வடை வடையாக இருந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். நல்ல குத்தகையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் முகப்பு மேற்கே பார்த்திருந்தால் இன்னொன்றும் உண்டு. மத்தியான வெயிலில் சூடேறிய கல் விரியும், நாலு மணி மழையில் சட்டென்று குளிர்ந்து சுருங்கும். 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் 60 அடி நீளத்துக்கு 5 மில்லிமீட்டர் அசைவு. பின்னால் இருக்கும் செங்கல் சுவர் அந்த அளவுக்கு அசையாது. அதனால் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு இடத்தில் கல்லை விட்டு, அந்தச் சந்தைச் சிலிகானால் அடைக்க வேண்டும். கல்லில் எண்ணெய்க் கறை இறக்காத வகைச் சிலிகான் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சாதாரணச் சிலிகான் ஒரு வருடத்தில் சந்தின் இரு பக்கமும் ஈரம் படிந்தது போலக் கறுப்புக் கரை கட்டிவிடும், அது போகவே போகாது.

இப்போது பிரீகாஸ்ட். உறுதி என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. நம் நாட்டுக்கும் அது புதியதில்லை: கோலாலம்பூர் பெக்கெலிலிங், பினாங்கு ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் 1960களில் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பேனல்களால் எழுந்தவை. ரைபிள் ரேஞ்சில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் பழைய மண்டபத்துக்கு அது பொருந்தாது. 120 மில்லிமீட்டர் தடிமனில் 3 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பேனல் ஒன்று 1.3 டன் இருக்கும், ஒரு மைவி காரை விடக் கனம். அதைச் சுமக்கக் கணக்கிட்டு 1980களில் யாரும் தூண் போட்டிருக்க மாட்டார்கள்.

புதிய சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான் அது சரியான இடம். ஆரம்பத்திலேயே பேனலை மனதில் வைத்து அஸ்திவாரமும் தூணும் போடலாம். பேனலை வார்க்கும்போது அச்சின் அடியில் வார்ப்புக் கல் கலவையை ஒரு கனத்துக்குப் போட்டு, அது இறுகும் முன் மேலே கம்பியும் சாதாரணக் கான்கிரீட்டும் போட்டுவிடுவார்கள். திருப்பி நிறுத்தினால் முன்பக்கம் கல், பின்பக்கம் கான்கிரீட், இரண்டும் ஒரே உடம்பு. ஒட்டு என்ற பேச்சே இல்லை. பழைய மண்டபத்தின் கீழ்ப்பகுதிக்கும் அதே தொழிற்சாலையில் அதே கலவையில் மெல்லிய கல் வார்க்கச் சொன்னால் இரண்டு கட்டடமும் நிறத்தில் பொருந்திவிடும். ஒன்று கவனியுங்கள்: பிரீகாஸ்டில் பணம் தின்பது அச்சு. ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வார்த்தால்தான் விலை இறங்கும். ஆகவே வரைபடம் போடுபவரிடம் தூணுக்குத் தூண் இடைவெளியை ஒரே அளவாக வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், கிரேன் லாரி உள்ளே வர வேண்டும். உங்கள் தோட்டத்துச் செம்மண் பாதை மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று என்னை விட உங்களுக்குத்தான் தெரியும். மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனலிலும் நான் பயப்படுவது இணைப்புக்குத்தான். 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்து ஒரு மூலை முழுக்கச் சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அங்கே பேனல்கள் சுமை தாங்கும் சுவர்கள், உங்களுடையது வெறும் முகப்பு, ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் பிற்பாடு 1986இல் அதைப் பிரித்தபோது, கான்கிரீட்டால் இறுக்கி அடைத்திருக்க வேண்டிய இணைப்புகள் சரியாக அடைக்கப்படாமல் இருந்தது தெரிந்தது. மூடிய பிறகு யாரும் பார்க்க முடியாத இடம் அது. ஆகவே உங்கள் கூடத்தில் பேனலைத் தூணோடு பிணைக்கும் ஒவ்வொரு எஃகுத் தாங்கியையும், மூடும் முன் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தாங்கியும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மழையைப் பற்றி. நம் ஊரில் சுவர் கறுப்பதற்குக் காரணம் அழுக்கு மட்டும் இல்லை, பாசி. தண்ணீர் எந்தக் கோட்டில் இறங்குகிறதோ அந்தக் கோட்டில் பாசி வளரும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலையில் வைக்கும் கல் உள்பக்கமாகச் சரிந்து, முன்னால் ஒன்றரை அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டிய பகுதியின் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு காடி, அதாவது நீளவாக்கில் ஒரு பள்ளம். தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டிச் சுவருக்குப் போக முடியாமல் கீழே சொட்டிவிடும். ஜன்னல் விளிம்புகளுக்கும் இதே. இது ஒன்றைச் சரியாகச் செய்தாலே, இப்போது உங்களுக்கு மனக்கஷ்டம் தரும் கறை பாதிக்கு மேல் வராது. முதல் மழைக்காலத்தில் கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கலாம். பயப்படாதீர்கள், சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்புதான், வெறும் பிரஷும் தண்ணீரும் போதும். யாராவது ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்றால் விடாதீர்கள். ஆசிட் சிமெண்டையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். பளபளக்கும் வார்னிஷும் வேண்டாம், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுவர் மூச்சுவிட இடம் கொடுக்கும் சிலேன் வகை நீர்க்காப்புத்தான் சரி. சமையற்கட்டுப் புகைப்போக்கியின் வாய் கல் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளிக்கும் எண்ணெய்ப் புகையைக் கல் உறிஞ்சிக்கொண்டால் எடுக்க முடியாது.

இன்னொன்று, வரைபடத்தில் யாரும் போட மாட்டார்கள். கல்யாணத்துக்கு கல்யாணம் அலங்காரக்காரர்கள் வந்து தோரணம் கட்டவும் பேனர் மாட்டவும் சுவரில் ஆணி அடிப்பார்கள். அடித்த ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர் இறங்கும். கல் பதிக்கும்போதே வாசலுக்கு இரு பக்கமும் மேலேயும் எஃகுக் கொக்கிகளைச் சுவரில் பதித்துவிடுங்கள், ஆணிக்கு வேலை இல்லாமல் போகும்.

தாள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் கொக்கி என்று சுவரில் சுமை ஏற்றும் எந்த வேலைக்கும், புதிய கூடத்துக்கும், பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்தோடு கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் அனுமதி பெற வேண்டும். குத்தகையாளரின் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவையும், ஜி1 முதல் ஜி7 வரை அவர் எந்தப் படியில் இருக்கிறார், உங்கள் வேலையின் தொகைக்கு அது போதுமா என்பதையும் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. அந்த முதல் குத்தகையாளரிடம் மாதிரிக் கல் மூன்று கேளுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள்: நிறம் உள்ளே வரை இருக்கிறதா, மேல் தோலில் மட்டுமா? மேல் தோலில் மட்டும் என்றால், முனை உடைந்த இடத்தில் எல்லாம் சாம்பல் கான்கிரீட் பல்லிளிக்கும். இரண்டாவது கல்லை நன்றாகக் காயவைத்துச் சமையற்கட்டுத் தராசில் நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். 5 கிலோ கல் 5.3 கிலோவுக்குள் இருந்தால் நல்லது. வார்ப்புக் கல்லுக்கான அமெரிக்கத் தரவரையறை சி 1364 கேட்பதும் அதே 6 விழுக்காடுதான். இலேசான கல் என்று விற்பவை இதை விட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். அவற்றை மழை நேரடியாக அடிக்காத தாழ்வாரச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை மொட்டைமாடியில் வெயிலிலும் மழையிலும் கிடக்க விடுங்கள், நிறம் எப்படிப் போகிறது என்று குழுவில் எல்லாரும் பார்க்கட்டும்.

உடைத்த கல்லையும், முன்சுவரில் தட்டிப் பார்த்துச் சாக்பீஸ் வட்டம் போட்டதையும் படம் எடுத்து அனுப்புங்கள் ஐயா. எத்தனை வட்டம் விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகு, பத்தடி வரைக்காவது ஒட்டலாமா, பூச்சு முழுவதையும் எடுக்க வேண்டுமா என்று சொல்கிறேன்.